இரட்டை எண் வீடுகளில் கேட்ட கேள்வி

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்த குண்டனி நாட்டில் நான் தங்கியிருந்த காலத்தில் எந்தக் கிழமை எந்த ஊரில் இருந்தேன், என்ன சாப்பிட்டேன், எத்தனை நாழிகை மழை பெய்தது என்பதையெல்லாம் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். எழுதி வைத்திருக்கிறேன். நாள் குறிக்காமல் ஒரு துண்டுச் சீட்டுக்கூட எழுதாத ஆள் நான். அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் தாலுகா ஆபீசில் என்னை மலைக்கு அனுப்பினார்கள். அதே பழக்கத்தால், நான் செய்த கேடும் மாதம் கிழமையோடு என்னிடம் இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு அது. கொல்லிமலைக்கு அப்போது வண்டி ஏறும் ரோடு கிடையாது. புளியஞ்சோலையில் ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தால் மேலே போய்ச் சேர அரை நாளுக்கு மேல் ஆகும். என் வேலை குடி ஏடு எழுதுவது. ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் என்ன உறவு, யாருக்கு என்ன வயது என்று முதல் ஆண்டு எழுத வேண்டும். இரண்டாம் ஆண்டு அதே வீடுகளுக்கு மறுபடி போய்ச் சரிபார்க்க வேண்டும். பதில் மாறியிருந்தால் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதி, வீட்டுக்காரரின் கைநாட்டை வாங்க வேண்டும். கடைசியாக எழுதியதுதான் செல்லும் என்பது ஆபீஸ் விதி.

பெயரும் உறவும் எளிதாகக் கிடைத்தன. வயதுதான் சிக்கல். மலையில் யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. யாருக்கும் அது தேவைப்பட்டதும் இல்லை. நான் விடாமல் மாதம், கிழமை, பிறை என்று துருவிக் கேட்பதைப் பார்த்துவிட்டு, களத்தில் கேழ்வரகு தட்டிக்கொண்டிருந்த ஒருவர், "எங்கூட்டு எருமைக்கும் ஒரு தேதி போட்டுக்குங்க. அதுவும் ஒரு நாள் பாத்துத்தானுங்க பொறந்திருக்கும்" என்றார். பெண்கள் முறத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எருமையின் வயது மூன்றா நான்கா என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டேன் என்பதை இப்போது வெட்கத்தோடு சொல்கிறேன்.

அவர்களுடைய காலக்கணக்குக்கு ஒரே ஒரு எல்லைக்கல் இருந்தது. நான் போவதற்கு ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசியில், மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் ஊருக்கு மேலிருந்த சரிவு அப்படியே மண்ணாக இறங்கிவிட்டது. ஊரே குழந்தை குட்டிகளோடு எதிர்ப்புறப் பாறைக் குகைக்கு ஏறித் தப்பியது. அதன்பிறகு எல்லாமே "மண் எறங்கின மழைக்கு முந்தி", "மண் எறங்கின மழைக்குப் பிந்தி" என்றுதான். ஒருவருக்குக் கல்யாணம் ஆனது, பலாமரம் காய்க்கத் தொடங்கியது, நாய் கடித்தது, எல்லாம் அந்த மழையின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்றன.

முதல் ஆண்டு வேலை முடிந்து கீழே இறங்கியிருந்தபோது, திருச்சியில் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். மனிதர் மனத்தைச் சோதனை செய்து அறிவது எப்படி என்பது அதன் பொருள். முன்னட்டை இல்லை. பூச்சி அரித்த பக்கங்களை ஒட்டி ஒட்டிப் படித்தேன். சோதனை முறைகளை அது மூன்றாகப் பிரித்திருந்தது. ஒன்று, அறைக்குள் செய்வது: வெளிச்சம், சத்தம், நேரம் எல்லாவற்றையும் நம் கைக்குள் வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது. இரண்டு, களத்தில் செய்வது: மனிதர் வாழும் இடத்திலேயே, அவர்கள் அறியாமல், ஒன்றை மாற்றிப் பார்ப்பது. மூன்று, இயற்கையே செய்து வைத்தது: வெள்ளமோ நோயோ ஓர் ஊரைத் தொட்டு அடுத்த ஊரைத் தொடாமல் விட்டால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. நான் கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். வெளியாள் ஏறாத மலையில் மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரையை விழுங்கிக்கொண்டு வயது எழுதும் குமாஸ்தாவாக இருந்த எனக்கு, ஒரு பெரிய வேலை கண்ணில் பட்டதாகத் தோன்றியது. மனிதர் ஞாபகத்தில் தேதி எப்படித் தங்குகிறது, எப்படி நகர்கிறது என்பதை நான் கண்டுபிடிப்பேன் என்று நினைத்தேன்.

முதலில் அறைச் சோதனை. எனக்கு ஊர் கொடுத்திருந்த குடிசையில், ஒரு தட்டில் பத்துப் பொருள்களைப் பரப்பி, முப்பது எண்ணும்வரை காட்டிவிட்டுத் துணியால் மூடிவிடுவேன். வந்தவர் பார்த்ததைச் சொல்ல வேண்டும். முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். இருபத்தெட்டு வயதுக்காரர், எனக்கு இளையவர், மணமாகாதவர். காய்ச்சல் வந்தபோது எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர். ஒன்பது பொருளைத் தடங்கலில்லாமல் சொன்னார். பத்தாவதான தையல் ஊசியைச் சொல்லவில்லை. கண்ணில் படவில்லையா என்று கேட்டேன்.

"படாம என்னங்க. எங்கூட்டுல ஊசி இல்ல. அதைச் சொன்னா, ஆசைப்பட்டுக் கேக்கற மாதிரி ஆயிருமுங்க" என்றார்.

ஞாபகத்தை அளந்துகொண்டிருந்தேன் என்று நான் நினைத்தேன். அவர் மரியாதையை அளந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ஊசியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், எடுக்கவில்லை. அறைக்குள் வந்து உட்கார்ந்தவுடனேயே மனிதர் வேறு ஆளாகிவிடுகிறார் என்று நோட்டில் குறித்துக்கொண்டு அந்த முறையைக் கைவிட்டேன்.

அடுத்தது, இயற்கை செய்து வைத்த சோதனை. மண் இறங்கிய மழை அதே மலையின் பெரக்கரை நாட்டில் வெறும் மழைதான். அங்கே சரிவு எதுவும் விழவில்லை. நான் அங்கேயும் குடி ஏடு எழுதியிருந்தேன். இரண்டு நாட்டு ஏடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. குண்டனியில் அந்த மழையை ஒட்டிப் பிறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் நம்ப முடியாத அளவுக்கு அதிகம். இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப் பிறந்தவர்களையும் அந்த மழை காந்தம்போல் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் இரண்டு ஊருக்கும் வேறு வேற்றுமைகளும் உண்டே. மழைதான் காரணம் என்று எப்படி அடித்துச் சொல்வது? நான் என் கையால் ஒன்றை மாற்றிப் பார்த்தாலொழிய உறுதி கிடைக்காது என்று புத்தகமும் சொன்னது, என் கர்வமும் சொன்னது.

அப்படித்தான் இரண்டாம் ஆண்டு சரிபார்ப்பைக் களச் சோதனையாக மாற்றினேன். மழையை ஒட்டிப் பிறந்த ஒருவராவது இருக்கும் வீடுகளை மட்டும் பிரித்து, போகும் வழி வரிசையில் எண் போட்டேன். ஒற்றை எண் வீடுகளில் முதல் ஆண்டு கேட்டது போலவே வெறுமனே கேட்பது: எப்போது பிறந்தார்? இரட்டை எண் வீடுகளில் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது: மண் இறங்கின மழைக்கு முந்தின கோடையில், ஓடை வற்றிக் கிடந்தபோதுதானே பிறந்தார்? முதல் ஆண்டுப் பதில்கள் என் நோட்டில் இருந்தன. எந்த வீட்டில் பதில் நகர்கிறது என்று பார்த்தால் போதும். யாருக்கும் தெரியக் கூடாது. யார் எந்த வரிசையில் விழுவார் என்பதில் என் விருப்பு வெறுப்பு நுழையக் கூடாது. சோதனை முடிந்ததும் நோட்டைப் பார்த்து ஏட்டைத் திருத்திவிடலாம். சோதிப்பவர் எப்படியெல்லாம் ஏமாறலாம் என்பதற்கு அந்தப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருந்தது. சோதனை முடிந்த பிறகு அந்த மனிதரை என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறை அப்போது எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் குடும்பத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு விதை வீடு என்று பெயர். வைகாசியில் மழை விழுந்ததும் அந்த வீட்டின் மூத்த மகன் விரதமிருந்து, கோயிலை ஒட்டிய விதைக்காட்டில் முதல் பிடி சாமையை வீசுவார். அவர் வீசும்வரை ஊரில் வேறு யாரும் விதைப்பதில்லை. விதைக்காடும், அதையொட்டிய வீடும் அந்த உரிமையோடு போகும். அப்போது உரிமையுடையவர் நோயில் படுத்திருந்த ஒரு பெரியவர். அவருக்கு இரண்டு மனைவியர், ஆளுக்கொரு மகன். இளைய மனைவி இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவள் மகன்தான் என் பக்கத்து வீட்டுக்காரர். மூத்த மனைவியின் மகனைவிட அவர் முந்திப் பிறந்தவர் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தகப்பனார் படுத்த பிறகு, என் குடிசையை அடுத்த அந்த விதை வீட்டில் தங்கி, பானைகளில் விதைக்குச் சாம்பல் கலந்து, எறும்பு அண்டாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

முதல் ஆண்டு மூத்த மனைவியிடம் நான் கேட்டபோது அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன். "மண் எறங்குனப்ப இளையவளுக்குப் பிரசவமாயி ஒரு மாசங்கூட ஆகலீங்க. எந்திரிக்க மாட்டாம கெடந்தா. அவ புள்ளைய நாந்தான் தூக்கிக்கிட்டுக் குகைக்கு ஏறுனேன். எம் மவன் அப்ப வயித்துல, ஏழு மாசமுங்க. தையிலதான் பொறந்தான்." அவர் ஐந்தாறு பிள்ளை பெற்றவர். பிழைத்தது அந்த ஒரு மகன்தான்.

இரண்டாம் ஆண்டு என் வரிசையில் அவர் வீடு இரட்டை எண்ணில் விழுந்தது.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வாசலில் அவர் மிளகைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், இந்த வீட்டில் மூப்பு விளையாட்டுப் பொருள் அல்ல என்று. ஒரு கணம் நின்றேன். இதை மட்டும் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விட்டால் வரிசை கெடும், என் விருப்பம் நுழைந்ததாகும், சோதனை பழுதாகும். பழுதில்லாமல் செய்ய வேண்டும் என்ற ஒரே வெறியில், எழுதி வைத்திருந்த கேள்வியை அவர் மகனைக் குறித்து ஒரு சொல்லும் மாற்றாமல் கேட்டேன்.

அவர் கை பாயின் மேல் நின்றது. "மழைக்கு முந்தியுங்களா?" என்றார். பிறகு, "அப்ப ஓடை வத்தித்தான் கெடந்துச்சுங்களா?" என்று என்னையே கேட்டார்.

நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பு நான் வகுத்த முறையில் இல்லாதது. ஏன் அசைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதில் நகர்வதைப் பார்க்கும் ஆசையாக இருக்கலாம்.

"நீங்க எழுதி வச்சிருப்பீங்க. அப்ப அப்படித்தான் இருக்கோணும்" என்றார். நான் ஏட்டைப் பார்த்து வாசிக்கிறேன் என்று அவர் எண்ணிக்கொண்டார். நான் மறுக்கவில்லை. பழையதை அடித்துப் புதியதை எழுதினேன். மிளகு ஒட்டிய பெருவிரலைத் துடைத்துவிட்டு அவர் கைநாட்டு வைத்தார்.

சோதனை பலித்தது. ஒற்றை எண் வீடுகளில் பதில்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. இரட்டை எண் வீடுகளில் பாதிக்கு மேல் நகர்ந்துவிட்டன. அன்று நோட்டில் நான் எழுதிய வரி இருமுறை அடிக்கோடிடப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, காரணம் சொல்லாமல், கருப்பட்டி போட்டுக் காப்பி கலந்து கொடுத்தேன். என்ன விசேஷம் என்று அவர் கேட்கவும் இல்லை.

ஏட்டைத் திருத்துவதற்கு ஒரு மாதம் இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். மாசி இரண்டாம் வாரமே ஆபீஸ் சேவகர் ஏறி வந்து ஏட்டைக் கேட்டார். நோட்டோடு ஒப்பிட வேண்டும், பத்து நாள் பொறுங்கள் என்றால் எதற்கு என்று கேட்பார். நான் கொடுத்துவிட்டேன். ஊருக்கென்று எடுத்து வைத்த நகல் மட்டும் என்னிடம் இருந்தது. மற்ற ஊர்களின் சரிபார்ப்பு மீதி இருந்ததால் நான் மலையிலேயே தங்கினேன். பிறகு எழுதித் திருத்தலாம் என்று அடுத்த வாரத்துக்கும் அதற்கடுத்த வாரத்துக்கும் தள்ளினேன். பங்குனியில் பெரியவர் இறந்துபோனார்.

காரியம் முடிந்த மறுநாள் காலை கோயில் முன் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் உருமாலைக் கையில் எடுத்து, பக்கத்து வீட்டுக்காரரை முன்னால் வரச் சொன்னார். அதைத் தலையில் கட்டிவிட்டால் விதை உரிமை அவருடையது. அப்போது மூத்த மனைவி எழுந்தார். சண்டைக்கு எழுந்தவராக இல்லை. சொல்லக் கூச்சப்படுகிறவராகத்தான் நின்றார்.

"எம் மவன்தானுங்க முந்திப் பொறந்தவன். இத்தன வருசம் நாந்தான் மாத்திச் சொல்லிக்கிட்டு இருந்துட்டேன். மண் எறங்கின அன்னிக்கு அவனக் கையில தூக்கிக்கிட்டுத்தான் குகைக்கு ஏறுனேன். ஏட்டுலயும் இருக்குது, அவியளக் கேளுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவர் தூக்கிக்கொண்டு ஏறிய குழந்தை யாரென்று அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரியும். அது அவர் எதிரே, உருமாலுக்காகத் தலைகுனிந்து நின்றது. பெரிய பொய்களில் எப்போதும் ஒரு மெய் உள்ளே இருக்கும் என்பார்களே, அவர் கையில் அன்று ஒரு குழந்தை இருந்தது மெய். என் கேள்வி அந்தக் குழந்தையை மட்டும் மாற்றிவிட்டது.

நகலைப் பிரித்து வாசித்தேன். மழைக்கு முந்தின கோடை. ஊர்க்கவுண்டர் நெற்றியைச் சுருக்கினார். தனக்கு வேறு மாதிரித்தான் ஞாபகம் என்று சொன்னார். ஆனால் தன் ஞாபகம் மேயப் போன ஆடு, சாயங்காலம் எந்தப் பட்டியில் போய் நிற்குமோ, சர்க்கார் ஏட்டில் கைநாட்டே இருக்கும்போது தான் என்ன சொல்ல என்று கையை விரித்தார். வேறு சில வயதானவர்களும் யோசித்தார்கள். அவர்களில் பலர் இரட்டை எண் வீட்டுக்காரர்கள். அந்த ஊரின் ஒரே எல்லைக்கல்லை நானே அசைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். குரலில் கோபமில்லை. "ஏனுங்க, ஏட்டுல அப்படித்தான் இருக்குதுங்களா?"

"ஆமாங்க, அப்படித்தான் இருக்குது" என்றேன்.

அது பொய்யல்ல. என் தோள்பையில் நோட்டு இருந்தது. அதை எடுத்து ஒரு பக்கத்தை வாசித்திருந்தால் போதும். வாசித்தால், உங்களிடமெல்லாம் நான் விளையாடினேன் என்று சொல்ல வேண்டும், ஏடு கெட்டுப்போனது ஆபீசுக்குத் தெரியும், வேலை போகும். இந்தக் காரணங்களைப் பிற்பாடு பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதத் துணியாமல் விட்டிருந்த காரணத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கும் ஆவல் அந்த நேரத்திலும் எனக்குள் இருந்தது.

"ஏட்டுல இருந்தாச் சரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் விலகி நின்றார். உருமாலை அவருக்கு அண்ணனாகிவிட்ட மனிதர் வாங்கிக்கொண்டார். அந்த மனிதர் எதையும் கேட்டு வாங்கியவர் அல்ல.

வைகாசி மூன்றாம் வாரம் மழை விழுந்து, முதல் பிடி வீசப்பட்டது. நான் வரப்பில் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்தக் காட்டுக்கான சிறு முடிச்சோடு மற்றவர்களுக்கு நடுவே காத்து நின்றார். மைத்துனர் முறையுள்ள ஒருவர் அவரைச் சீண்டினார்: "ஏன் மச்சான், இருபத்தெட்டு வருசம் அண்ணனா இருந்துட்டு ஒரே காலையில தம்பியாயிட்டியே. இனி எனக்கும் சின்னவனா?"

"உனக்கு மட்டும் எப்பவுமே பெரியவன்தான். உம் பொண்டாட்டியக் கேளு" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அடிவிழுந்தது போல இருந்தது.

விதை வீட்டை அவர் ஆனியில் காலி செய்தார். யாரும் விரட்டவில்லை, இருக்கச் சொன்னார்கள். உரிமையில்லாத வீட்டில் விதைப் பானைக்குப் பக்கத்தில் படுப்பது சரியில்லை என்றாராம். சொந்தக் காடு ஓர் ஆளுக்குப் போதாது. ஆடியில் புளியஞ்சோலைப் பக்கம் ஒரு பாக்குத் தோப்பில் கூலி வேலைக்கு இறங்கிவிட்டார். போகிற அன்று என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். நான் பக்கத்து ஊரில் இருந்தேன். இருக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டேன் என்பதே சரி.

புரட்டாசியில் எனக்குக் கடுமையான காய்ச்சல். அது விட்ட பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நோட்டை எடுத்துக்கொண்டு மூத்த மனைவியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வியை நானாக உண்டாக்கினேன், ஏட்டில் அப்படி எதுவும் இருக்கவில்லை, தலையசைத்தது தப்பு என்றேன். முதல் ஆண்டு அவர் சொன்னதை அவருக்கே வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். காய்ச்சல் இன்னும் விடவில்லையோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டனுங்க கண்ணு. சொல்லியிருந்தாலும் தப்பாச் சொல்லியிருப்பேன். எனக்கு இப்ப நல்லாத் தெரியுது. ஓடை வத்திக் கெடந்துச்சு. மேல ஊத்துக்குத்தான் தண்ணிக்குப் போவேன். பானை இடுப்புல, அவன் வயித்துல. வழியில ஒரு மூங்கப் பொதர், அங்க உக்காந்து உக்காந்து போவேன். அந்தக் கோடையிலதான் பொறந்தான்."

"மழையில் தூக்கிக்கொண்டு ஏறியது?" என்றேன்.

"அவனத்தான். வேற யாரத் தூக்குவேன்?"

ஓடையை நான் கொடுத்தேன். ஊற்றையும் பானையையும் மூங்கில் புதரையும் நான் கொடுக்கவில்லை. வேறு ஏதோ ஒரு கோடையில், பிழைக்காமல் போன வேறு ஏதோ ஒரு பிள்ளையைச் சுமந்தபோது அவர் அந்தப் புதரடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை எடுத்து இங்கே ஒட்டிக்கொண்டுவிட்டார். இனி அது எனதல்ல, அவருடையது.

நான் மறுபடி வாயெடுத்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தன வருசம் எம் மவன நானே பின்னால நிக்க வச்சுட்டனேன்னு வெந்துக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் ஆறிருக்குது. அதக் கெளறாதீங்க சாமி."

நான் எழுந்து வந்துவிட்டேன். ஆனாலும் ஏட்டையாவது நேராக்க வேண்டும் என்று ஆபீசுக்கு எழுதினேன். சோதனை என்று எழுதவில்லை. எழுத்துப் பிழை என்று எழுதினேன். ஏடு ஜில்லாவுக்குப் போய்விட்டது, பாதிக்கப்பட்டவர் கைநாட்டு வைத்த விண்ணப்பம் வந்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அது கார்த்திகைக் கடைசி. விண்ணப்பத்தை நானே எழுதி எடுத்துக்கொண்டு, மார்கழி முதல் திங்களன்று புளியஞ்சோலைக்கு இறங்கினேன்.

அவர் தோப்பில் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார். உடம்பு கறுத்து, கொஞ்சம் சதை போட்டிருந்தது. என்னைக் கண்டதும் துண்டால் கல்லைத் தட்டி உட்காரச் சொன்னார். இந்த முறை நான் எதையும் மறைக்கவில்லை. ஒற்றை எண், இரட்டை எண் எல்லாவற்றையும் விளக்கினேன். கூட்டத்தில் நோட்டு என் பையில் இருந்ததையும் சொன்னேன். விண்ணப்பத்தை வாசித்து, பெருவிரலை வைத்தால் போதும் என்றேன்.

அவர் இன்னொரு பாக்கை எடுத்து உரிக்கத் தொடங்கினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் என்று இன்றும் சில நாள் நினைப்பதுண்டு.

"நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்றார். "யோசிச்சுப் பாத்தா, எங்கம்மாவே ஒருக்காச் சொன்னாப்புல இருக்குதுங்க. நான் பொறந்தப்ப அவரு தவழ்ந்துக்கிட்டு இருந்தாருன்னு."

முதல் ஆண்டு அவரிடமும் நான் கேட்டிருக்கிறேன். அவர் அம்மா சொன்னதாக அப்போது அவர் சொன்னது, மழையில் பெரியம்மா தன்னைத் தூக்கிக்கொண்டு ஏறினார் என்பது. அதுவும் நோட்டில் இருக்கிறது. பெரியம்மா தூக்கிக்கொண்டு ஏறியது உங்களைத்தானே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்த பிறகுதான் கவனித்தேன், அதுவும் பதிலை உள்ளே வைத்த கேள்வி. நான் கேட்டால் அவர் யோசிப்பார். என் முகத்தைப் பார்ப்பார். ஆமாங்க, அப்படித்தான் என்றும் சொல்வார். அது அவர் ஞாபகமா, நான் இரண்டாம் முறை அவர் வாயில் வைத்ததா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த விரலை விண்ணப்பத்தில் பதித்துக்கொண்டு மலையேறினால், மேலே ஒருவர் உருமாலைக் கழற்ற வேண்டியிருக்கும். ஆறியிருக்கும் ஒரு தாய் மறுபடி வேக வேண்டியிருக்கும். எது நடந்ததென்று அறிந்த ஒரே ஆள் நான்தான். என்னைத்தான் இனி யாரும் நம்பத் தேவையில்லை என்று ஆகிவிட்டிருந்தது.

விண்ணப்பத்தை மடித்தேன். அவர் நிம்மதியடைந்தவர் போல எழுந்து, இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஓடைவரை கூட வந்தார். மேலே யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்தவர், தண்ணீரில் கால் வைக்கும் இடத்தில் நின்று கேட்டார்.

"அண்ணன் வெதச்ச கை எப்படிங்க? சாமை வெளைஞ்சுதுங்களா?"

அந்த ஆண்டு நன்றாகத்தான் விளைந்திருந்தது. விளைந்தது என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நான் ஓடையைக் கடந்து ஏறத் தொடங்கினேன்.